அனர்த்தத் திட்டமிடலில் சமூகப் பங்கேற்பு: நோர்போக் கடற்படைத் தளம்

ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் அமைந்துள்ள நோர்போக், உலகின் மிகப் பெரிய கடற்படைத் தளமாகும்.

பிரச்சினை: கடல்மட்டம் உயர்வதோடு நிலமும் தாழ்ந்து வருகின்றது. இதனால் 1927 முதல் இங்கு கடல்மட்டம் நிலத்தோடு ஒப்பிடுகையில் ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது.

மதில் மட்டும் போதாமைக்கான காரணம்: ஊழியர் பலர் தளத்திற்கு வெளியே நகரத்தில் வசிக்கின்றனர். அவர்கள் வரும் வீதிகள் நீரில் மூழ்கினால், தளம் நனையாவிடினும் பணிகள் தடைப்படும். அவ்வீதிகளைப் பயன்படுத்தும் பொதுமக்களும் பாதிக்கப்படுவர்.

நடவடிக்கை: நோர்போக், வேர்ஜீனியா பீச் ஆகிய நகரங்கள் கடற்படையுடன் இணைந்து மேற்கொண்ட கூட்டு நிலப்பயன்பாட்டு ஆய்வு 2019 இல் நிறைவுற்றது. பொதுமக்களின் கருத்துகளும் பெறப்பட்டன.

நினைவிற் கொள்க: வெள்ளம் வேலியைப் பார்த்து நிற்பதில்லை, ஆகவே திட்டமும் வேலிக்குள் நிற்கலாகாது.

மாதிரி வினா: இத்தளத்தின் பாதுகாப்பிற்கு நகர மக்களின் பங்களிப்பு அவசியமாவதற்கான இரு காரணங்களை விளக்குக.