முயலுக்குக் கருத்தடை ஆபரேஷனா?

பெங்களூரு ஆஸ்டின் டவுன் வீடுகளில் பெண் முயல் வளர்ப்பவர்கள், கருப்பை அகற்றும் ஆபரேஷனுக்குப் பிறகு தையலோடு வயிற்றையும் கவனிக்க வேண்டும்.

● முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் ஆபரேஷனுக்கு முன் பட்டினி தேவையில்லை.

● வலியில் தீனி எடுக்காவிட்டால் குடல் அசைவு நின்றுபோகும். வீடு வந்ததும் உலர்ந்த புல், கொத்தமல்லித் தழை, தண்ணீர் மூன்றையும் வாய்க்கு எட்டும்படி வைக்கலாம்.

● மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தால் அது வலிதான். புழுக்கை சிறுத்தாலும் ஆபத்து. 12 மணி நேரம் சாப்பிடாவிட்டால் ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, முயல் வைத்தியம் தெரிந்த டாக்டரிடமோ உடனே போக வேண்டும்.

● அமாக்ஸிசிலினை வாய்வழியே கொடுக்கவே கூடாது. குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து உயிரே போகலாம்.

● மரத்தூளுக்குப் பதில் சுத்தமான பருத்தித் துண்டு விரித்தால் தையலில் தூசி ஒட்டாது. வீக்கம், சீழ் இருக்கிறதா என்று தினமும் இருவேளை பார்ப்பது அவசியம்.