பருத்தியில் குரோமோசோம் எண்ணிக்கையும் கலப்பினத் தடையும்

நாட்டுப் பருத்திப் பூவின் சூல்முடியில் அமெரிக்கப் பருத்தியின் மகரந்தத்தைத் தூவினால் பெரும்பாலும் காய் பிடிப்பதில்லை. பிடித்தாலும் விரைவில் உதிர்ந்துவிடும். அரிதாக விதை கிட்டி, அது முளைத்துச் செடியாகுமாயின், செடி செழித்து வளரும், பூக்கவும் செய்யும். எனினும் விதை தருவதில்லை. இதனைக் கண்டோர் எருவையும் வானிலையையும் குறை கூறுவதுண்டு. காரணம் செடியின் உயிரணுவிற்குள்ளேயே இருக்கிறது.

கருங்கண்ணிப் பருத்தி ஆர்போரியம் என்னும் சிற்றினத்தையும், உப்பம் பருத்தி ஹெர்பேசியம் என்னும் சிற்றினத்தையும் சேர்ந்தவை. இவற்றின் உடல் உயிரணு ஒவ்வொன்றிலும் 26 குரோமோசோம்கள் உள்ளன. கம்போடியாப் பருத்தி அடங்கிய ஹிர்சூட்டம் இனத்திலும், எகிப்தியப் பருத்தி அடங்கிய பார்படென்ஸ் இனத்திலும் 52 உள்ளன. மகரந்தத்திலும் சூலிலும் இவ்வெண்ணிக்கை பாதியாகக் குறையும். 13 குரோமோசோம்கள் கொண்டது ஓர் அடிப்படைத் தொகுதி. இரு தொகுதிகள் உடையது இருமடியம். நான்கு உடையது நான்மடியம். இரண்டிற்கு மேற்பட்ட தொகுதிகள் உடைய அனைத்தையும் பன்மடியம் என்று வழங்குகிறோம்.

அமெரிக்கப் பருத்தி, நாட்டுப் பருத்தி வெறுமனே இரட்டித்து உண்டானதன்று. அதன் இணைகளில் 13 பெரியவை, 13 சிறியவை. பெரியவை ஆசிய-ஆப்பிரிக்கப் பருத்திகளின் வழியினவென்றும், சிறியவை அமெரிக்கக் காட்டுப் பருத்திகளின் வழியினவென்றும் ஸ்கோவ்ஸ்டெட் என்பார் 1934-இல் கருதினார். 1940-இல் பீஸ்லி, ஆர்போரியத்தையும் துர்பெரி என்னும் அமெரிக்கக் காட்டினத்தையும் கலந்து, கலப்பினத்தின் குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்து, இக்கருத்திற்கு வலுவான சான்றளித்தார்.

இனி, மலட்டுத்தன்மையின் காரணம் எளிதில் விளங்கும். நாட்டுப் பருத்தியின் 13-உம் அமெரிக்கப் பருத்தியின் 26-உம் சேர்ந்து மும்மடியச் செடியில் 39 ஆகின்றன. குன்றல் பகுப்பின்போது பெரியவை பெரியவற்றோடு இணைகின்றன. சிறியவை பதின்மூன்றுக்கும் துணையில்லை. அவை முறையின்றி இருபுறமும் சிதறுகின்றன. இவ்வாறு உருவாகும் மகரந்தத்தில் பெரும்பகுதி வெற்றுமணிகளே.

இத்தடையைக் கடக்கக் கால்ச்சிசின் உதவுகிறது. நம் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இந்நச்சுப்பொருள் உண்டு. உயிரணு பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்லும் கதிர் இழைகள் தோன்றாதவாறு இது தடுக்கிறது. ஆதலின் பிளவுற்ற குரோமோசோம்கள் யாவும் ஒரே உட்கருவில் தங்கிவிடுகின்றன. மும்மடியச் செடியின் குருத்தில் இதனை இட்டால் 39, 78 ஆகும். ஒவ்வொன்றுக்கும் துணை கிடைப்பதால் அறுமடியச் செடி விதை தரவல்லது. அதனை மீண்டும் அமெரிக்கப் பருத்தியோடு கலந்தால் 39-உம் 26-உம் கூடி 65 ஆகும். பின்னும் பல தலைமுறைகள் அவ்வாறே கலந்து, தேர்ந்தெடுத்து, 52-க்குக் கொண்டுவர வேண்டும். இது பல ஆண்டுப் பணி.

இத்துணை உழைப்பு எதற்கு? 1993-இல் ராஜஸ்தானின் ஸ்ரீகங்காநகர்ப் பகுதியில் பருத்தி இலைச்சுருள் நோய் காணப்பட்டு, பின்னர்ப் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் பரவிற்று. வெள்ளை ஈயினால் பரவும் இந்நச்சுயிரி நோய் அமெரிக்கப் பருத்தியை வாட்டுகிறது, ஆர்போரியத்தையோ தாக்குவதில்லை. வேண்டிய ஜீன்கள் அடுத்த வயலிலேயே இருந்தும், இடையில் நிற்பது குரோமோசோம் எண்ணிக்கை.

கலப்பினப் பருத்திகள் சாகுபடியாவதைக் கண்டு எக்கலப்பும் எளிதென்று எண்ணற்க. 1970-இல் சூரத்தில் வெளியிடப்பட்ட எச்-4 இனத்தின் பெற்றோர் இரண்டும் ஹிர்சூட்டமே. 1972-இன் வரலக்ஷ்மி ஹிர்சூட்டமும் பார்படென்ஸும் கலந்தது, இரண்டிலும் 52. இவ்விரண்டும் தாமாகவே கலக்கக்கூடியவை. ஆதலின் விதைப் பண்ணையில் போதிய இடைவெளி விடுதல் இன்றியமையாதது.

ஆசிரியர்கள் வகுப்பிலேயே ஒரு சோதனை செய்து காட்டலாம். இருவகைப் பருத்தியின் இலையடித்தோலையும் உரித்து, நுண்ணோக்கியில் இலைத்துளைகளை அளந்து ஒப்பிடச் செய்க. மடியம் மிகுந்தால் காப்பணுக்கள் பொதுவாகப் பெரிதாகும். ஆயினும் இஃது அறிகுறியேயன்றி முடிவான சான்றன்று. வேர்நுனியைச் சாயமேற்றிக் குரோமோசோம்களை எண்ணினாலன்றி உறுதி கூறலாகாது. கால்ச்சிசினை மாணவர் கையில் கொடுத்தல் ஆகாது.