பேஞ்சோ வாங்குமுன் பாட்டைத் தேர்ந்தெடுங்கள்

பேஞ்சோ வாங்கப் போகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது விலையை அல்ல, எந்தப் பாட்டை வாசிக்கப் போகிறார் என்பதைத்தான். நான்கு, ஐந்து, ஆறு தந்திகளில் பேஞ்சோக்கள் கிடைக்கின்றன. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் அப்படியே ஓடாது.

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மக்கள் கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் உருவாக்கிய வாத்தியம் இது. இதற்கு உறவான, சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திய அகோந்திங், செனகல், காம்பியா பகுதிகளில் இன்றும் வாசிக்கப்படுகிறது. அதிலுள்ள குட்டைத் தந்தி ஐந்து தந்திப் பேஞ்சோவிலும் உண்டு. பேஞ்சோவில் அத்தந்தியின் பிருடை கழுத்தின் பக்கவாட்டில், ஐந்தாம் மெட்டருகே இருக்கும். கட்டைவிரல் அந்தத் தந்தியைச் சுருதிபோல விடாமல் தொட்டுக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் பாட்டைக் கொண்டுசெல்லும். ஐந்து தந்திப் பேஞ்சோவின் உயிரே இந்த ஒலிதான்.

ஐந்து தந்தியிலும் இரண்டு வகை. பின்பக்கம் மரத்தட்டால் மூடிய ரெசனேட்டர் வகை, ஒலியை முன்னோக்கித் தள்ளும். 1945-இல் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்த எர்ல் ஸ்க்ரக்ஸ், மூன்று விரல்களில் பிக் எனும் மீட்டுறைகளை மாட்டி வாசித்த வேகம் ப்ளூகிராஸ் என்னும் அமெரிக்க இசைக்கே அடையாளமானது. பிடில், மாண்டலினுக்கு நடுவே எடுபட அந்த உரத்த ஒலி வேண்டும். ஆனால் உள்ளே கனத்த உலோக வளையம் கொண்ட ரெசனேட்டர் பேஞ்சோ ஐந்து கிலோ வரை கனக்கும். நின்று வாசித்தால் தோள் வலிக்கும்.

பின்பக்கம் திறந்த ஓப்பன்பேக் எடை குறைவு, ஒலியும் மென்மை. நகத்தால் கீழ்நோக்கித் தட்டி வாசிக்கும் கிளாஹேமர் பாணிக்கும், தனியாகப் பாடிக்கொண்டே வாசிப்பவர்களுக்கும், அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கும் இதுவே பொருத்தம்.

அயர்லாந்து நடன இசைதான் ஆசையென்றால் நான்கு தந்தி டெனர் பேஞ்சோ வேண்டும். டப்ளினர்ஸ் குழுவின் பார்னி மெக்கென்னா வழியாகப் பரவிய சுருதி அமைப்பு, பிடிலுக்கு ஒரு ஸ்தாயி கீழே நிற்பது. மேற்கத்திய வயலினோ மாண்டலினோ பழகியவருக்கு விரல் இடங்கள் தெரிந்தவையே. கைவிரல்கள் சிறியவையாயின் 19 மெட்டுகளைவிட 17 மெட்டுகள் உள்ள குட்டைக் கழுத்து வசதி. இந்தச் சுருதிக்குக் கனமான தந்திகள் போட வேண்டும். இல்லையேல் தொய்ந்து இரையும்.

ஆறு தந்தி, கிதார்க்காரர்களுக்கு. ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் குழுவில் ஜானி செயின்ட் சிர் வாசித்தது இதைத்தான். ஆனால் ப்ளூகிராஸ் ஒலியை இதில் எதிர்பார்க்கக் கூடாது. அந்தக் குட்டைத் தந்தி இதில் இல்லை.

விலைக்கு வருவோம். அமெரிக்காவில் 300 டாலருக்குள் கற்கத் தகுந்தவை கிடைக்கின்றன. டீரிங் நிறுவனத்தின் குட்டைம் (Goodtime) வரிசை அதற்கு மேற்பட்ட நடுத்தர விலை. மேடைக் கலைஞர்கள் வாங்குபவை பல ஆயிரம் டாலர். இந்தியக் கடைகளில் பேஞ்சோ என்று கேட்டால் புல்புல் தரங்கை நீட்டுவதும் உண்டு. பொத்தான் அழுத்தி வாசிக்கும் அது வேறு வாத்தியம்.

முடிவெடுக்கத் திணறுகிறவருக்கு ஐந்து தந்தி ஓப்பன்பேக்கே நல்ல தொடக்கம். மூன்று விரல் பாணியையும் அதிலேயே பழகலாம். மலிவானதாயினும் சரியாகச் சீரமைத்ததை வாங்குங்கள். தந்திகளைத் தாங்கும் குதிரை ஒட்டப்பட்டதல்ல, தந்திகளின் அழுத்தத்தில் மட்டுமே நிற்கிறது. அதனால் தந்திகளை ஒவ்வொன்றாகவே மாற்ற வேண்டும். கழுத்தின் மேல்முனையிலிருந்து 12-ஆம் மெட்டு வரை உள்ள தூரமும், அங்கிருந்து குதிரை வரை உள்ள தூரமும் ஏறத்தாழச் சமமாக இருக்கிறதா என்று அளந்து பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.