இரண்டாம் நேர்முகத் தேர்வு: வேலை தேடும் பட்டதாரிகளுக்குச் சில குறிப்புகள்

கல்லூரிப் படிப்பை முடித்து வெளிவரும் நம் பிள்ளைகள் பலர் முதல் நேர்முகத் தேர்வுக்கு நன்றாகவே ஆயத்தமாகின்றனர். சட்டையைத் தேய்த்து, சான்றிதழ்களைக் கோப்பில் அடுக்கி, தன்னறிமுகத்தை மனனம் செய்துகொண்டு போகின்றனர். வெற்றியும் பெறுகின்றனர். ஓரிரு வாரம் கழித்து, இரண்டாம் தேர்வுக்கு வரும்படி அழைப்பு வருகிறது. வேலையே கிடைத்துவிட்டது போல அன்று வீட்டில் மகிழ்ச்சி பொங்குகிறது. உறவினருக்கெல்லாம் செய்தி பறக்கிறது. ஆனால், இரண்டாம் தேர்வு முடிந்து, 'வருந்துகிறோம்' என்று பதில் வரும்போது பிள்ளையோடு சேர்ந்து பெற்றோரும் துவண்டு போகின்றனர்.

இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். எனினும், நம்மால் திருத்திக்கொள்ளக்கூடிய காரணம் ஒன்று உண்டு. இரண்டாம் தேர்வையும் முதல் தேர்வைப் போன்றதே என்று எண்ணி, அதே பதில்களோடு போய் உட்காருவதுதான் அது.

திருக்குறளின் பொருட்பாலில் 51-ஆம் அதிகாரம் 'தெரிந்து தெளிதல்'. அதனை அடுத்து வரும் 52-ஆம் அதிகாரம் 'தெரிந்து வினையாடல்'. ஒருவரை ஆராய்ந்து நம்புவதை முன்னது பேசுகிறது. அவருக்கேற்ற வேலை எதுவென ஆராய்ந்து அதனை அவரிடம் ஒப்படைப்பதைப் பின்னது பேசுகிறது. ஆளை அறிவது வேறு, அவரிடம் வேலையை ஒப்படைப்பது வேறு என்று வள்ளுவர் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார். இக்கால நிறுவனங்களின் தேர்வு முறையும் ஏறத்தாழ இதுவே. 'இவருக்குத் தகுதி உண்டா?' என்பது முதல் தேர்வின் கேள்வி. 'இந்தப் பொறுப்பை இவரை நம்பிக் கொடுக்கலாமா?' என்பது இரண்டாம் தேர்வின் கேள்வி. இதனை மனத்தில் கொண்டால் மற்றவை யாவும் எளிதில் விளங்கும்.

எதிரே அமர்ந்திருப்பவர் யார்?

முதல் தேர்வைப் பெரும்பாலும் மனிதவளப் பிரிவு அதிகாரி நடத்துவார். இப்போது பல நிறுவனங்கள் அதனைத் தொலைபேசியிலோ காணொளியிலோ முடித்துவிடுகின்றன. இரண்டாம் தேர்வில், நீங்கள் வேலை செய்யப் போகும் பிரிவின் தலைவரே எதிரில் அமர்ந்திருப்பார். அவருடன் இன்னும் ஓரிருவர் இருக்கலாம். நாளைக்கு உங்கள் தவற்றுக்குப் பதில் சொல்லப் போகிறவர் அவர். ஆகவே, அவர் உங்கள் மதிப்பெண்களைப் பற்றி அதிகம் கேட்கமாட்டார். வேலையைப் பற்றியே கேட்பார்.

அழைப்பு வந்தவுடன் மூன்று விவரங்களைப் பணிவாகக் கேட்டறியுங்கள்: தேர்வை நடத்துபவர்கள் யார், எவ்வளவு நேரம் பிடிக்கும், எழுத்துத் தேர்வோ குழுப் பயிற்சியோ உண்டா. இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. பொறுப்புள்ளவர் என்ற எண்ணத்தையே ஏற்படுத்தும்.

'எடுத்துக்காட்டுச் சொல்லுங்கள்'

'உங்கள் பலம் என்ன?' என்ற கேள்விக்குப் பதிலாக, இரண்டாம் தேர்வில் வேறு வகைக் கேள்வி வரும். 'நெருக்கடியான நேரத்தில் நீங்கள் எடுத்த ஒரு முடிவைச் சொல்லுங்கள்', 'உடன் வேலை செய்தவரோடு கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்?' என்பன போன்ற கேள்விகள் அவை. எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் புள்ளி இடுவர்.

இம்முறைக்கு ஆய்வுத் துணையும் உண்டு. பிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்னும் இரு உளவியல் அறிஞர்கள் 85 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மனம்போனபடி பேசும் நேர்முகத்தைவிட, கேள்விகளை முன்கூட்டியே வகுத்துக்கொண்டு நடத்தும் நேர்முகம், ஒருவரின் பிற்கால வேலைத் திறனை நன்கு கணிக்கிறது என்று அவர்கள் காட்டினர். 2022-இல் பால் சாக்கெட்டும் அவர்தம் குழுவினரும் அக்கணக்குகளை மீண்டும் ஆராய்ந்தபோது, தேர்வு முறைகளுள் முதலிடத்தில் நின்றதும் இந்தத் திட்டமிட்ட நேர்முகமே.

இத்தகைய கேள்விக்குப் பதில் சொல்ல நான்கு படிகளை நினைவில் வையுங்கள்: நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, முடிவு என்ன. வேலை அனுபவம் இல்லையே என்று கலங்க வேண்டியதில்லை. எடுத்துக்காட்டாக, தைப்பூசத்தின்போது பத்துமலையில் தண்ணீர்ப் பந்தலில் தொண்டு செய்த ஒரு மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள். 'கோவிலில் தொண்டு செய்திருக்கிறேன்' என்று மட்டும் சொன்னால் அது ஒரு செய்தி, அவ்வளவே. 'நண்பகலுக்குள் நீர் தீர்ந்துவிடும் என்று காலை 10 மணிக்கே தெரிந்தது. வாங்கி வரும் பொறுப்பு என்னுடையது. கூட்டத்தில் வண்டி நுழைய முடியாது என்பதால், பக்கத்துப் பந்தலாரோடு பேசி அவர்களிடமிருந்து முதலில் இரவல் வாங்கினேன். எங்கள் நீர் வந்ததும் திருப்பிக் கொடுத்தேன். விநியோகம் ஒரு நிமிடமும் நிற்கவில்லை' என்று சொன்னால், சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் மேலாளர் ஒருவர் நிமிர்ந்து உட்காருவார். அவருக்கு நாள்தோறும் வரும் தொல்லையும் இதுதானே!

இங்கே நம் பிள்ளைகளிடம் காணப்படும் ஒரு பழக்கத்தைக் குறிப்பிட வேண்டும். தன்னைப் பற்றித் தானே பேசுவது தற்பெருமை என்று சொல்லி நாம் அவர்களை வளர்த்திருக்கிறோம். அது நல்ல வளர்ப்புதான். ஆனால், அதன் விளைவாக அவர்கள் எதற்கும் 'நாங்கள் செய்தோம்' என்றே பதில் சொல்கின்றனர். எதிரே இருப்பவருக்கு இவர் பங்கு எதுவென விளங்குவதில்லை. குழுவுக்கு உரிய பெருமையைக் குழுவுக்குக் கொடுங்கள்; உங்கள் கையால் செய்ததை 'நான் செய்தேன்' என்று தயங்காமல் சொல்லுங்கள். செய்ததைச் செய்தபடி சொல்வது தற்பெருமை ஆகாது.

குழுப் பயிற்சியும் செயல்முறைத் தேர்வும்

வங்கிகளும் பெருநிறுவனங்களும் பட்டதாரிப் பயிற்சித் திட்டங்களுக்கு ஆள் எடுக்கும்போது, ஆறு, ஏழு பேரை ஒரு மேசையைச் சுற்றி அமர்த்தி ஒரு பிரச்சினையைக் கொடுத்து விவாதிக்கச் சொல்வதுண்டு. அரசாங்கச் சேவையிலும் இது உண்டு. பி.டி.டி. எனப்படும் நிர்வாக, அரசதந்திர அதிகாரி பதவிக்குப் பொதுச் சேவை ஆணையத்தின் தேர்வை எழுதித் தேறியவர்கள், மதிப்பீட்டு மையப் பயிற்சிகளையும் கடந்த பின்னரே நேர்முகத் தேர்வுக்குச் செல்கின்றனர்.

இதன் தொடக்கம் போர்க்களத்தோடு தொடர்புடையது. இரண்டாம் உலகப் போரின்போது, அதிகாரிகளைத் தேர்ந்தெடுப்பதற்காகப் பிரிட்டிஷ் இராணுவம் 1942-இல் தேர்வுக் குழுக்களை அமைத்தது. தலைவர் என்று யாரையும் நியமிக்காமல் ஒரு குழுவிடம் வேலையைக் கொடுத்து, யார் எப்படி நடந்துகொள்கிறார் என்று கவனித்தனர். போருக்குப் பின் இம்முறை அரசுப் பணிகளுக்கும் தொழில் நிறுவனங்களுக்கும் பரவியது.

ஆகவே, இதில் உரக்கப் பேசுபவரே வெல்வார் என்று எண்ண வேண்டாம். முதல் சில நிமிடங்களுக்குள் ஒருமுறை பேசிவிடுங்கள். காலம் கடந்தால் வாய் திறப்பது கடினம். பிறர் சொன்னதைப் பெயர் சொல்லி ஏற்று மேலே கொண்டு செல்லுங்கள். ஒதுங்கியிருப்பவரின் கருத்தைக் கேளுங்கள். நேரத்தைக் கவனித்து, முடிவைத் தொகுத்துச் சொல்லுங்கள்.

நிறுவனத்தை அறிந்து செல்லுங்கள்

முதல் தேர்வுக்கு நிறுவனத்தின் பெயரும் தொழிலும் தெரிந்தால் போதும். இரண்டாம் தேர்வுக்கு அது போதாது. அந்நிறுவனம் மலேசியப் பங்குச் சந்தையில் இடம்பெற்றிருந்தால், அதன் ஆண்டறிக்கையை எவரும் இலவசமாகப் படிக்கலாம். நூறு பக்கங்களையும் படிக்கத் தேவையில்லை. தலைவர் உரை, வருமானம் எந்தப் பிரிவிலிருந்து வருகிறது என்னும் பகுதி, எதிர்நோக்கும் இடர்கள் என்னும் பகுதி ஆகிய மூன்றையும் படியுங்கள். கிள்ளான் துறைமுகப் பகுதியில் வேலைக்குச் செல்பவர், வடதுறைமுகமும் மேற்குத் துறைமுகமும் தனித்தனி நிறுவனங்களால் நடத்தப்படுகின்றன என்பதையாவது அறிந்திருக்க வேண்டும்.

முதல் தேர்வில் நீங்கள் சொன்ன பதில்களையும் அன்றிரவே எழுதி வையுங்கள். அதிகாரி குறித்துவைத்த தாள் இரண்டாம் தேர்வின் மேசைமேல் இருக்கும். அன்று ஒன்று, இன்று ஒன்று என்று பேசினால் நம்பிக்கை போய்விடும்.

செல்லும் வழியையும் வேலை நாள் ஒன்றில் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். கொமூட்டர் ரயிலில் வந்து கே.எல். சென்ட்ரலில் இறங்கி, வேறு ரயிலுக்கு மாறி, பெட்டாலிங் ஜெயாவுக்கோ ஷா ஆலாமுக்கோ போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பது, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் தெரியாது.

சம்பளப் பேச்சு

முதல் தேர்வில் மேலோட்டமாகக் கேட்கப்பட்ட சம்பளம், இரண்டாம் தேர்வில் உறுதியாகக் கேட்கப்படும். 'எவ்வளவு கொடுத்தாலும் சரி' என்பது பணிவாகத் தோன்றலாம்; ஆனால், அது உங்கள் மதிப்பை நீங்களே அறியவில்லை என்றும் பொருள்படும். அதே துறையில், அதே வட்டாரத்தில் புதிய பட்டதாரிகளுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று விளம்பரங்களைப் பார்த்தும் முன்னாள் மாணவர்களிடம் கேட்டும் அறிந்து, ஒரு வரம்பாகச் சொல்லுங்கள்.

கையில் கிடைக்கும் தொகையையும் கணக்கிடுங்கள். அடிப்படைச் சம்பளம் 3,000 வெள்ளி என்றால், ஊழியர் சேமநிதிக்கு உங்கள் பங்கு 11 விழுக்காடு, அதாவது 330 வெள்ளி பிடிக்கப்படும். சொக்சோ போன்ற சிறு பிடித்தங்களும் போக, ஏறத்தாழ 2,600 முதல் 2,650 வெள்ளி வரை கைக்கு வரும். முதலாளி தம் பங்காக 13 விழுக்காடு, அதாவது 390 வெள்ளி, உங்கள் சேமநிதிக் கணக்கில் செலுத்த வேண்டும். 'சேமநிதி இல்லாமல் முழுச் சம்பளமும் கையில் தருகிறோம்' என்று சொல்லும் இடத்தை விட்டு விலகுங்கள்.

நீங்கள் கேட்க வேண்டியவை

'உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா?' என்று இறுதியில் கேட்பர். 'இல்லை, நன்றி' என்று எழுந்துவிடாதீர்கள். பொறுப்பை ஒப்படைக்கலாமா என்று அவர்கள் பார்ப்பது போல, நம் உழைப்பை இங்கே ஒப்படைக்கலாமா என்று நாமும் பார்க்க வேண்டும். கீழ்க்காண்பவற்றுள் இரண்டு மூன்றைக் கேளுங்கள்:

1. முதல் ஆறு மாதங்களில் என்னிடம் எதிர்பார்க்கும் வேலை என்ன?
2. எனக்குப் பயிற்சி அளிப்பவர் யார்?
3. தகுதிகாண் காலம் எத்தனை மாதம்? எதை வைத்துப் பணியை உறுதிப்படுத்துவீர்கள்?
4. இந்தப் பதவியில் முன்பு இருந்தவர் இப்போது எந்தப் பொறுப்பில் இருக்கிறார்?

விடுமுறை, வேலை நேரம் ஆகியவற்றை வேலை வாய்ப்புக் கடிதம் கைக்கு வந்த பின் சரிபார்த்துக்கொள்ளலாம். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தன. அவற்றின்படி, வாராந்தர வேலை நேரத்தின் உச்ச வரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. மகப்பேற்று விடுப்பு 98 நாளாக உயர்ந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்குக் குறைந்தது 8 நாள் சம்பளத்துடன் கூடிய விடுமுறை உண்டு. கையொப்பமிடுவதற்கு முன் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

எச்சரிக்கையும் அவசியம். இரண்டாம் தேர்வு என்ற பெயரில் பயிற்சிக் கட்டணமோ முன்பணமோ கேட்டால் அது வேலையாக இருக்காது. நிறுவனத்தின் பதிவை மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் சரிபார்க்கலாம். பெரிய சம்பளத்தை நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் போய்ச் சிக்கித் தவித்த மலேசிய இளைஞர்களைப் பற்றி 2022-இல் நாளிதழ்களில் படித்தோம். ஆசை காட்டும் அழைப்புக்கு முன்னால் ஒருகணம் நின்று யோசியுங்கள்.

சங்கடமான கேள்விகள்

பெண் பிள்ளைகளிடம் 'திருமணம் எப்போது?' என்று சிலர் கேட்கின்றனர். கோபப்படாமல், 'இந்த வேலையில் நிலைத்து வளர வேண்டும் என்பதே இப்போது என் எண்ணம்' என்று சொல்லிப் பேச்சை வேலைக்குத் திருப்பிவிடலாம். மாண்டரின் தெரியுமா என்று கேட்டால், தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதீர்கள். மலாய், ஆங்கிலம், தமிழ் ஆகிய மூன்றிலும் வாடிக்கையாளரோடு பேச முடியும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். மும்மொழி அறிவு சிறிய சொத்தன்று.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

தோட்டத்தை விட்டு வெளியேறி, கிள்ளானிலும் செந்தூலிலும் பூச்சோங்கிலும் அடுக்குமாடி வீடுகளில் வாழ்ந்து, சேமநிதிப் பணத்தை எடுத்தும் நகையை அடகு வைத்தும் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அந்தக் குடும்பங்களின் முதல் பட்டதாரிக்கு வழி சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அலுவலக வேலையின் நடைமுறை அறிந்த மாமனோ சித்தப்பாவோ இல்லை. ஆகவே, அந்தப் பிள்ளை தனியாகவே அந்த அறைக்குள் நுழைகிறது. 'இந்த வேலை கிடைக்காவிட்டால் என்ன ஆகும்?' என்ற கேள்வியை அதன் முதுகில் ஏற்றி அனுப்பாதீர்கள். முதல் நாள் மாலை அரை மணி நேரம் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேளுங்கள். அது பதில் சொல்லட்டும். மேலாளராகப் பணியாற்றும் நம்மவர்களும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக இந்த அரை மணி நேரத்தை ஒதுக்கினால், பண உதவிக்கு நிகரான உதவியாக அது அமையும்.

வேலை கிடைக்காமற் போனாலும், அன்றே நன்றி தெரிவித்து, எதில் குறை இருந்தது என்று பணிவாகக் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வந்தால் பாடம், வராவிட்டாலும் இழப்பில்லை. இரண்டாம் அழைப்பு வரை சென்றவருக்குத் தகுதி இருக்கிறது என்பதை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டுவிட்டது. இனி, பொறுப்பை ஏற்கக்கூடியவர் என்று காட்டுவதே மீதியுள்ள வேலை. அதற்கு இன்றிரவே ஒரு தாளை எடுத்து, நீங்கள் பொறுப்பேற்று முடித்த ஐந்து காரியங்களை எழுதத் தொடங்குங்கள். வெற்றி உங்களுடையதாகட்டும்.