கொட்டகையை அறையாக்கும் முன் சுவர் காயட்டும்



வீட்டில் ஒரு குழந்தை பிறக்கப் போகிறது. இருக்கிற இடம் போதவில்லை. "வண்டிக் கொட்டகை சும்மாத்தானே கிடக்கு? முன்பக்கம் அடைச்சுக் கதவு வச்சா ரூம் ஆயிடுமே" என்று நினைக்கிறீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். கொட்டகை வண்டி நிற்பதற்காகக் கட்டியது. சுவரில் ஓதம் ஏறினால் வண்டிக்கு இருமல் வராது; குழந்தைக்கு வரும்.

ஓதத்தால் என்ன கெடுதல்?

ஈரம் நிற்கும் சுவரில் பூசணம் பிடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அதன் வித்துகள் மூச்சோடு உள்ளே போகின்றன. ஈரமும் பூசணமும் உள்ள வீட்டில் வசிப்பவர்களுக்கு இருமல், இழுப்பு, மூச்சுக்குழல் தொற்று வரும் அபாயம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது.

ஈரம் வரும் வழிகள் மூன்று

1. தரை: விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, செங்கல் மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கிறது.

2. மழை: சாரல் சுவரில் அடிக்கிறது, கூரைத் தண்ணீர் தரையில் விழுந்து தெறிக்கிறது.

3. நாம்: மூச்சு, வியர்வை, சமையல் ஆவி, உள்ளே உலர்த்தும் துணி. மார்கழிக் குளிரில் எல்லாம் மூடிப் படுத்தால் இந்த ஆவி சுவரில் வியர்க்கிறது.

சோதித்துப் பாருங்கள்

ஒரு அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் இடைவெளியில்லாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பிரியுங்கள். சுவரை ஒட்டிய பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறைப் பக்கம் நனைந்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்

• வெளியே உள்ள மண் உள்தரையை விடக் குறைந்தது 6 அங்குலம் தாழ்ந்து இருக்கட்டும். தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓட வாட்டம் கொடுங்கள்.

• கூரையைச் சுவருக்கு வெளியே 2 அடி நீட்டுங்கள்.

• உப்புப் பூத்து உதிரும் பூச்சை, ஈரம் தெரியும் கோட்டுக்கு மேல் ஒரு அடி வரை கொத்தி எடுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மீண்டும் உள்ளே இறங்கும்.

• கோடை வெயிலில் நன்றாகக் காய விடுங்கள். ஊறிய 9 அங்குலச் சுவர் காயப் பல மாதங்கள் ஆகும். பிறகு சுண்ணாம்புக் காரை பூசுங்கள். அது சுவரின் ஈரம் வெளியேற வழி விடும்.

• எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் வையுங்கள். கொட்டகைக்கு ஒரு பக்கம்தான் வாசல் என்றால் மறுபக்கம் கட்டாயம் ஒரு ஜன்னல் வேண்டும்.

வெயிலைத் தடுக்க

"உள்ளே தெர்மகோல் ஒட்டி, மேலே பலகை அடிச்சா சூடு தெரியாது" என்பார்கள். ஈரச் சுவரில் அதைச் செய்யாதீர்கள். ஈரம் பின்னால் அடைபட்டு, கண்ணில் படாமல் பூசணம் வளரும். ஈரச் சுவர் மேல் சிமெண்ட் பூசினாலும் ஓதம் போகாது. மேலே ஏறிப் பூச்சுக்கு மேல் தலைகாட்டும்.

மறைப்பு வெளியே இருக்கட்டும். மேற்குச் சுவருக்கு வெள்ளையடியுங்கள். அதற்கு வெளியே ஒரு சாண் இடைவெளி விட்டுக் கீற்றுத் தட்டி கட்டுங்கள். வெயிலும் சாரலும் தட்டியோடு நிற்கும். இடையில் ஓடும் காற்று சுவரைக் காய வைக்கும். அடுப்புப் பக்கம் மட்டும் கீற்று வேண்டாம்.

அவசரம் வேண்டாம்

சுவர் காயும் வரை கர்ப்பிணியும் கைக்குழந்தையும் பழைய வீட்டிலேயே இருக்கட்டும். இடம் நெருக்கமானாலும் பரவாயில்லை.

குழந்தைக்கு இருமல் இருந்தால், அது அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் முழுதும் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த அளவோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சு உள்ளே குழிந்தால், "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று இருக்காதீர்கள். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

காய்ந்த சுவர், காற்றோடும் அறை, கவலையில்லாத குடும்பம்!