சுமை இறக்கிய அணி

வருமானம் குறையாத வீட்டிலும் சில வேளைகளில் கை கட்டுண்டு கிடக்கும். காரணம், நெடுங்காலத் தவணைகளில் முடங்கிய பணம். இந்நிலையிலிருந்து மீள்வது எவ்வாறு என்பதற்கு அமெரிக்க பேஸ்பால் களத்தில் ஒரு நல்ல பாடம் உண்டு. அதனை இவ்விதழில் காண்போம்.

2012-ஆம் ஆண்டில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி 162 ஆட்டங்களில் 69-இல் மட்டுமே வென்று, தன் பிரிவில் கடைசி இடத்தைப் பெற்றது. அவ்வணி பணமில்லாத அணியன்று. கார்ல் கிராஃபோர்டுக்கு 7 ஆண்டுகளுக்கு 14.2 கோடி டாலர், அட்ரியன் கொன்சாலசுக்கு 7 ஆண்டுகளுக்கு 15.4 கோடி டாலர் என நீண்ட ஒப்பந்தங்களில் அதன் பணம் முடங்கியிருந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டில் பொது மேலாளர் பென் செரிங்டன், இவ்விருவர் உட்பட நால்வரை லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு மாற்றிக் கொடுத்தார். 25 கோடி டாலருக்கும் மேற்பட்ட சம்பளப் பொறுப்பு ஒரே நாளில் இறங்கியது. கொன்சாலஸ் அப்போதும் சிறந்த ஆட்டக்காரரே. ஆயினும் விலை கொடுக்காமல் சுமை இறங்காது என்பதை அணி ஏற்றுக்கொண்டது.

அடுத்து, ஒப்பந்தம் முடிந்து எந்த அணியிலும் சேரும் உரிமை பெற்ற வீரர்களை அணி நாடியது. ஒரே நட்சத்திரத்தின்மேல் பணத்தைக் கொட்டாமல், பலருக்குப் பகிர்ந்தளித்தது. ஷேன் விக்டோரினோவுக்கு 3 ஆண்டுகள், 3.9 கோடி டாலர். ஜானி கோம்சுக்கு 2 ஆண்டுகள், 1 கோடி டாலர். மைக் நபோலிக்கும் 3 ஆண்டுகளுக்கு 3.9 கோடி டாலர் பேசப்பட்டது. மருத்துவப் பரிசோதனையில் அவரது இடுப்பு மூட்டில் நோய் தெரிந்ததும், ஒப்பந்தம் ஓராண்டாகவும், உறுதித்தொகை 50 லட்சம் டாலராகவும் சுருங்கியது. கையெழுத்திடுமுன் பரிசோதித்ததன் பயன் இது.

37 வயதான கோஜி உஎஹாராவுக்கு ஓராண்டுக்கு 42.5 லட்சம் டாலர். ஆட்டத்தை முடித்துவைக்கும் பந்துவீச்சாளர்கள் இருவர் காயமுற்றபோது, அப்பொறுப்பை ஏற்று அணியைக் காத்தவர் இவரே. 2013-இல் அணி 97 ஆட்டங்களில் வென்று, உலகத் தொடர் கோப்பையையும் கைப்பற்றியது.

பாடம் இத்துடன் முடியவில்லை. 2014-இல் அதே அணி 71 வெற்றிகளுடன் மீண்டும் கடைசி இடத்திற்குச் சென்றது. ஓராண்டின் நற்பலன் அடுத்த ஆண்டிற்கு உத்தரவாதமாகாது. எனினும் மேற்கண்ட புதிய ஒப்பந்தங்கள் குறுகியவை; ஆகவே அவற்றால் நெடுங்காலச் சுமை ஏறவில்லை.

நம் குடும்பக் கணக்கிற்கும் இவ்வரிசை பொருந்தும். பயன்படாத மனைக்கோ, தேவைக்கு மீறிய வாகனத்துக்கோ தவணை செலுத்துகிறோமா என முதலில் காண்போம். சிறிது இழப்பு நேரினும் அச்சுமையை இறக்குவது நன்று. மிஞ்சும் தொகையை ஒரே இடத்தில் குவிக்காமல் பகிர்ந்து வைப்போம். ஆவணத்தை முழுதும் படித்த பின்னரே கையொப்பமிடுவோம். நல்ல ஆண்டின் வருவாயை நம்பி நெடுங்காலக் கடனை ஏற்காதிருப்போம்.