கறுப்பு ரொட்டியும் கேழ்வரகுக் களியும்

முன்னுரை

நம் ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அந்நகருக்கும் ஜெர்மனிக்கும் நெடுநாள் தொடர்பு உண்டு. 1908-ஆம் ஆண்டில் மைசூர் அரசின் பணிக்கு வந்து லால்பாக் தோட்டத்தை வளர்த்த கிரும்பிகல், டிரெஸ்டன் நகருக்கு அருகில் பிறந்தவர். 1950-களில் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தார் 'மைக்கோ' என்ற பெயரில் அங்கே தொழிற்சாலை தொடங்கினர். இன்று அந்நகரில் ஜெர்மானிய உணவு வகைகளும் கிடைக்கின்றன. ஒரு நாட்டாரின் உணவை அறிந்தால் அந்நாட்டாரையும் ஓரளவு அறியலாம், நம்மையும் அறியலாம்.

தட்டில் கண்டவை

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் குடும்பத்தார் பெங்களூரில் ஜெர்மானிய உணவு விடுதி ஒன்றுக்குச் சென்றோம். இறைச்சியைக் கொத்திக் குடல் உறையில் அடைத்துச் செய்யும் 'வூர்ஸ்ட்', மசித்த உருளைக்கிழங்கு, கடுகு விழுது, புளித்த முட்டைக்கோசு, கறுப்பு ரொட்டி ஆகியவை வந்தன. மிளகாய்க் காரம் சிறிதும் இல்லை. முட்டைக்கோசை வாயில் வைத்த பாட்டி, "என்ன கண்ணு, இதுல இட்லி மாவு புளிச்ச வாசம் அடிக்குது!" என்றார்கள். அனைவரும் சிரித்தோம். ஆனால் அறிவியல் பாட்டியின் பக்கமே இருக்கிறது.

புளிப்பின் உறவு

இந்தக் கோசுக்கு 'சவர்க்ரவுட்' என்று பெயர். முட்டைக்கோசை மெல்லியதாகச் சீவி, ஒரு கிலோவுக்குச் சுமார் 20 கிராம் உப்புச் சேர்த்துப் பிசைவார்கள். அதிலிருந்து ஊறும் நீரிலேயே அது மூழ்கும்படி சாடியில் அழுத்தி, மேலே பாரம் வைத்துச் சில வாரங்கள் விட்டுவிடுவார்கள். காற்றுப் படாத அந்நீரில் நுண்ணுயிரிகள் பெருகி, லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலமே கோசைக் கெடாமல் காக்கிறது. அப்புளிப்பைத் தொடங்கி வைக்கும் 'லியூக்கோனாஸ்டாக்' என்னும் நுண்ணுயிரிதான் நம் இட்லி மாவைப் பொங்க வைப்பதிலும் முதன்மையானது. பனிக்காலத்தில் பச்சைக் காய்கறி கிடைக்காத ஜெர்மானியர், சாடியிலிட்ட கோசை மாதக் கணக்கில் வைத்து உண்டனர்.

மாலுமிகள் கற்ற பாடம்

புளித்த கோசில் வைட்டமின் 'சி' உண்டு. அக்காலத்தில் நீண்ட கடற்பயணம் செய்வோரை, ஈறுகளில் இரத்தம் கசியும் 'ஸ்கர்வி' நோய் வாட்டியது. ஆகவே 1768-இல் புறப்பட்ட ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக், இக்கோசைப் பீப்பாய்களில் ஏற்றிச் சென்றார். மாலுமிகளோ அதைத் தொட மறுத்தனர். குக் அவர்களை வற்புறுத்தவில்லை. அதிகாரிகளின் மேசையில் நாள்தோறும் அதைப் பரிமாறச் செய்தார். மேலோர் விரும்பி உண்பதைக் கண்டதும் மாலுமிகளும் கேட்கத் தொடங்கினர். ஒரு வாரத்திற்குள் அளவு வைத்துக் கொடுக்கும் நிலை வந்துவிட்டது! கோசின் சுவை மாறவில்லை. அதன் மதிப்புத்தான் மாறியது.

ஏழையின் தானியம்

ஜெர்மனியின் கறுப்பு ரொட்டி 'ரை' என்னும் தானியத்தால் ஆனது. கோதுமை செழிக்காத மணற்பாங்கான நிலத்திலும், கடும் பனியிலும் ரை விளையும். அதன் மாவைப் புளிக்க வைத்தே ரொட்டி சுடுகின்றனர். வெஸ்ட்பேலியாப் பகுதியின் 'பம்பர்நிக்கல்' ரொட்டியைக் குறைந்த சூட்டில் 16 மணி நேரத்துக்கும் குறையாமல் சுட வேண்டும். முன்பு ஏழைகளின் உணவாக இருந்த இந்தக் கறுப்பு ரொட்டியை இன்று எல்லாரும் பெருமையுடன் உண்கிறார்கள். 2014-இல் ஜெர்மனி தன் ரொட்டிக் கலையை நாட்டின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

நம் மாவட்டத்தில் இதற்கு இணையான தானியம் எது? கேழ்வரகே! மழை குறைந்த மேட்டு நிலத்திலும் அது விளைகிறது. நாம் 'களி' என்பதைக் கன்னடத்தார் 'முத்தே' என்றும், தெலுங்கர் 'சங்கட்டி' என்றும் அழைப்பர். மூன்று மொழிகளும் கலந்து வாழும் இவ்வெல்லையில் மூன்று வீடுகளிலும் கிண்டுவது ஒரே களிதான். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. இது அதே அளவு பாலில் உள்ளதைப் போல இரண்டு மடங்கிற்கும் அதிகம். வளரும் பெண்களின் எலும்புக்கு இது மிகவும் தேவை. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அவ்வாண்டில்தான், 2004 வரை நம்மோடு ஒரே மாவட்டமாக இருந்த தருமபுரியில், நியாய விலைக் கடைகளில் கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது.

முடிவுரை

ஆயினும் தோழியரே, நம்மில் எத்தனை பேர் களியும் கீரைக் கடைசலும் கொண்டுவந்து, மூடியை முழுவதும் திறந்து வைத்து உண்கிறோம்? "பட்டிக்காட்டுச் சாப்பாடு" என்று யாரேனும் சொல்லிவிடுவார்களோ எனக் கூசுகிறோம். அதே கேழ்வரகு பளபளப்பான பெட்டியில் பிஸ்கட்டாக வந்தால் கூச்சமின்றி நீட்டுகிறோம்.

அதிகாரிகளின் மேசைக்கு வந்த பின்னரே மாலுமிகள் கோசை மதித்தனர். ஆகவே நம் அருட்சகோதரிகளையும் ஆசிரியைகளையும் பெற்றோரையும் பணிவுடன் வேண்டுகிறேன்: அடுத்த ஆண்டு விழா விருந்தில் களிக்கும் ஓர் இடம் தாருங்கள், முதல் உருண்டையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உருண்டைக்கு நாங்கள் வரிசையில் நிற்போம்.